நம்ம ஆட்சி

ஒரு காட்டில் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் மாடுகளுக்கு ஒரு சங்கம் இருந்தது. அதற்குத் தலைவர் செவலைக் காளை. குரங்கை அரசனாக்க வேண்டும் என்று காடெல்லாம் அலைந்து ஆதரவு திரட்டியதும் அந்தச் சங்கம்தான்.

அரசனான பிறகு குரங்கு, கிணற்றை அயல்காட்டு ஓநாய்களுக்குக் குத்தகைக்கு விட முடிவு செய்தது. வயதான மாடுகளை விரட்டிவிட வேண்டும் என்பது ஓநாய்கள் போட்ட நிபந்தனை.

குரங்கு செவலையை அழைத்துத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்தது.

"அண்ணே, வெளியாளுங்க வந்தாத்தான் காடு முன்னேறும். நீங்க சொன்னா மாடுங்க கேக்கும்."

குரங்கைக் கூடப்பிறந்த தம்பியாகவே செவலை நினைத்திருந்தது.

"உன்னை முதுகுல தூக்கிச் சுமந்தோம், தம்பி. மூக்கணாங்கயித்தை உன் கையில குடுக்கலையே" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டது.

மறுநாள் ஓநாய்களோடு குரங்கு கிணற்றடிக்கு வந்தபோது, செவலை பாதையை மறித்துப் படுத்திருந்தது.

"நம்ம ஆட்சியை நீங்களே கவுக்கலாமா அண்ணே? எதிர்க்கட்சி நரி சிரிக்குமே!" என்று அதன் காதோரம் குரங்கு கெஞ்சியது.

"சிரிச்சிட்டுப் போகட்டும். கிழமாடுங்க எங்கேயும் போகாது" என்றது செவலை.

அதன் பின்னால் மற்ற மாடுகளும் ஒவ்வொன்றாக வந்து படுத்தன. ஓநாய்கள் வந்த வழியே திரும்பிப் போகும்வரை ஒரு மாடுகூட எழுந்திருக்கவில்லை.