அச்சு விலகிய ஐந்து ரூபாய்

"இது செல்லாதுங்களா?"

மனைவி நீட்டிய ஐந்து ரூபாய் நாணயத்தை அவன் வாங்கவில்லை. பார்த்தான்.

பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

அச்சு விலகியிருந்தது. சிங்கங்கள் ஒரு பக்கமாக ஒதுங்கி, ஒரு சிங்கத்தின் முகம் பாதிக்கு மேல் விளிம்புக்கு வெளியே போயிருந்தது. எதிர் விளிம்பில் பிறைபோல வெற்றிடம். எதுவும் பதியாத, கறுத்த பித்தளை நிறம்.

இப்படி ஒன்றுக்காகத்தான் கல்யாணத்துக்கு முன்பிருந்தே சனிக்கிழமைதோறும் வங்கியில் சில்லறைப் பை வாங்கி வருகிறான். மேசையில் கொட்டுவான். ஒவ்வொன்றாகத் திருப்பி லென்ஸ் வைத்துப் பார்ப்பான். பிறகு தெருமுனை மளிகைக் கடையில் கொடுத்து நோட்டாக்கிக்கொள்வான்.

ஒருமுறைகூடக் கிடைத்ததில்லை.

அவள் இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தாள். அதுவும் டிவி வரவில்லை என்பதால்.

முதல் கைப்பிடி.

"அபூர்வம்தான், மதி."

சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவள் உடனே அவினாசியில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டாள்.

"டேய், உங்க மச்சான் இத்தன வருசமா லென்சு வெச்சுத் துளாவறாரு. எனக்கு ஒரே அள்ளுல வந்துருச்சு போ!"

தம்பியின் சிரிப்பு மேசைவரைக்கும் கேட்டது. பிறகு தம்பி ஏதோ சொன்னான். அவள் கணவனைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு, இன்னும் சிரித்தாள்.

கணவனும் சிரித்தான். எவ்வளவு நேரம் சிரிக்க வேண்டும் என்றுதான் தெரியவில்லை.

போனை வைத்தாள்.

"நாளைக்கு உங்க நாணயச் சங்கத்துக்கு நானும் வாரனுங்க. நானே எல்லார்த்துக்கும் காட்டறேன்."

"இப்படிக் கறுப்பாவா கொண்டாருவே? புளியும் உப்பும் போட்டுத் தேயி. பளிச்சுனு ஆயிரும்."

சொன்னது தன் குரல்தானா என்று சந்தேகமாக இருந்தது.

நாணயம் சேர்ப்பவர்கள் முதலில் கற்றுக்கொள்வது ஒன்றுதான். தேய்க்கக் கூடாது. தேய்த்தால் மேல்தோல் போய்விடும். கீறல் விழும். அதன்பின் அது எத்தனை அபூர்வமாக இருந்தாலும் ஒருவரும் மதிக்கமாட்டார்கள். போன வருடம் சங்கத்துக்குப் புதிதாக வந்த ஒருவர் நன்றாக மினுக்கிய ஒரு காலணாவைக் கொண்டுவந்து காட்டினார். அதைக் கைக்குக் கை மாற்றிச் சிரித்தார்கள். காபி வருவதற்குள் அவர் எழுந்து போய்விட்டார்.

இதெல்லாம் அவளுக்குத் தெரியாது.

அடுப்படியில் குழாய் திறக்கும் சத்தம். கிண்ணத்தில் புளி கரைக்கும் சத்தம்.

பிறகு, நார்.

நாணயத்தின் மேல் தேங்காய் நார் போய் வருவது ஒவ்வொரு இழுப்பாகக் கேட்டது. எழுந்து நான்கு எட்டு வைத்தால் பிடுங்கிவிடலாம். நாற்காலியைப் பின்னால் தள்ளவும் செய்தான்.

சத்தம் நின்றது.

"ஏனுங்க, சிங்கத்துப் பக்கம் முடிஞ்சுது. அந்தப் பக்கமும் தேய்க்கட்டுங்களா?"

ஒரு பக்கம் மிச்சமிருந்தது.

"நல்லா அழுத்தித் தேயி."

இந்தமுறை சந்தேகம் வரவில்லை.

அவள் வந்தாள். நைட்டியில் துடைத்து, டியூப் லைட்டுக்குக் கீழே பிடித்துக் காட்டினாள். கடையில் புதிதாக வாங்கிய குத்துவிளக்குபோல மின்னியது. அந்தப் பிறையிலும் நாரின் கோடுகள்.

"எப்படி?"

"ம். நல்லா இருக்குது."

அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். அவன் தலையைக் குனிந்துகொண்டு மேசைமேல் இருந்த நாணயங்களைப் பைக்குள் தள்ளினான்.

அவள் சுவர் அலமாரியைத் திறந்தாள். அவனுடைய ஆல்பங்களில் ஒன்றை எடுத்து இரண்டு பக்கம் புரட்டினாள். 'உச்' கொட்டினாள்.

"பாவம், உங்களுது எல்லாமே கறுத்துக் கெடக்குது. சும்மாவா யாரும் உங்கள மதிக்கறதில்ல? திங்கக்கெழம நீங்க ஆபீசுக்குப் போனதும் அத்தனையும் எடுத்துத் தேய்ச்சு வெச்சர்றேன். புளி நெறையக் கெடக்குது."

"வேண்டாம்!"

குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது.

அவள் திரும்பினாள். சிரிப்பு இன்னும் முகத்தைவிட்டுப் போகவில்லை.

"ஏனுங்க?"