ஒரே பாத்திரம்

திருவிருந்தில் திராட்சரசம் குடிக்க இனி ஆளுக்கொரு சின்னக் கிளாஸ் வேண்டும் என்று சபைக் கூட்டத்தில் சொன்னவர் எபினேசர். புதுவாயல் பக்கம் புதிதாக வந்த தொழிற்சாலையில் ஃபோர்மேன்; சபையில் மூப்பர்.

"கர்த்தர் ஒரே பாத்திரத்துலதானே குடுத்தாரு?" என்றார் போதகர்.

"அப்போ கிருமின்னா இன்னான்னு யாருக்கும் தெரியாதுங்கய்யா. சேரிலேர்ந்து பொகையில வாயோட வர்றாங்க. அவுங்க குடிச்ச பாத்திரத்துல எம்புள்ளைங்க எப்டி வாய் வைக்கும்?"

கடைசிப் பாயில் உட்கார்ந்திருந்த ஞானம்மாவுக்குச் சுருக்கென்றது. காலையில்தான் டீக்கடையில் தன் சாதிக்கென்று வைத்த தனிக் கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்திருந்தாள்.

"டீக்கடையிலதான் தனி கிளாஸு. கோயில்லயுமா மூப்பரே?"

"இது சாதி இல்லம்மா, சுத்தம்," என்றார் எபினேசர், அவள் பக்கம் திரும்பாமலே.

கை தூக்கச் சொன்னார்கள். சின்னக் கிளாஸ் ஜெயித்தது.

ஞானம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். வாசல்வரை போனவள் நின்று திரும்பினாள்.

"சின்ன வயசுல நம்ம ஊட்ல அம்மா ஒரே சட்டியில கூழு ஊத்தும். நான் வாய் வச்ச மிச்சத்ததானே நீ குடிப்பே? அப்போ இந்தக் கிருமியெல்லாம் எங்க போச்சி, அண்ணா?"