சுருக்காத துடிப்பு

இதழினி வயிற்றில் இருந்த இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றின் துடிப்பு அடங்கிவிட்டது என்று, இதயத்துடிப்பைக் கேட்டுச் சொல்ல அவள் இடுப்பில் கட்டியிருந்த பட்டை காலையில் சொன்னது. பட்டை அனுப்பிய சத்தத்தைக் கேட்டு மருத்துவமனையும் ஆமாம் என்றது. வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்த கையோடு இப்படியா என்று பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

அவள் அப்பா சங்கிலிமுத்துவுக்கு அந்தப் பட்டைமேல் என்றைக்குமே நம்பிக்கை கிடையாது.

"அந்தச் சத்தத்த இங்க போடுங்க மாப்ள."

மாப்பிள்ளை நன்மாறன் ஒலிபெருக்கியில் போட்டான். ஒரே துடிப்பு, கழுவி வைத்தது மாதிரி சுத்தமாகக் கேட்டது.

"ஏன் மாப்ள, எம் பொண்ணு ரெண்டு கை நெறைய வளையல் போட்டுக்கிட்டுப் புரண்டுக்கிட்டு இருக்கு. அந்தச் சத்தத்தையே காணோமே?"

"பட்டை சத்தத்தச் சுருக்கித்தான் அனுப்பும் மாமா. பெரிய சத்தத்துக்கு அடியில கெடக்குற சின்னச் சத்தத்தக் கழிச்சிரும். காதுக்கு வித்தியாசம் தெரியாது."

"வளையலத் தின்னது வேற எதத் தின்னுச்சோ! கழிக்க அது யாருய்யா? சுருக்காமப் போடு!"

நன்மாறன் சுருக்கத்தை நிறுத்தினான். வீடே இரைந்தது. வளையல் கலகலத்தது, குடல் உறுமியது, மொட்டைமாடிக்கு மேலே பறந்துபோன ஆட்டோகூடக் கேட்டது. அத்தனைக்கும் அடியில், முதல் துடிப்போடு சேராமல், இன்னொன்று அவசர அவசரமாக ஓடிக்கொண்டிருந்தது.

"கேக்குதா? ஏய், எல்லாருக்கும் கேக்குதா?" சங்கிலிமுத்து கூரை அதிரக் கத்தினார்.

இதழினி அழுதுகொண்டே சிரித்தாள். வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"மெதுவாப்பா. ரெண்டும் பயந்துக்கப் போகுது."