நடுங்குபுல் பங்கு

அவளுடைய கை பைக்குள் இருந்தது.

உள்ளே மர உருண்டைகள். எலுமிச்சம்பழ அளவு. எத்தனையோ தலைமுறைக் கைகள் தடவித் தடவி வழவழத்துப்போனவை.

ஒவ்வொன்றிலும் ஒரு புல்லையோ பூவையோ செதுக்கியிருந்தார்கள். அதன் பெயர்தான் புல்வெளியில் அந்தப் பங்குக்கும் பெயர். எந்த உருண்டை கையோடு வருகிறதோ, அந்தப் பங்கில் இந்தக் கோடைக்குப் புல் வெட்டிக்கொள்ளலாம். அடுத்த வருடம் மறுபடியும் பை. வேறு உருண்டை, வேறு பங்கு.

பங்கு வருஷா வருஷம் மாறும் என்பது அவளுக்கு இன்று காலையில்தான் தெரியும்.

தெரிந்து என்ன செய்ய?

பங்குனியிலேயே அவர் சாம்பலைப் பழைய பங்கில் தூவியாகிவிட்டது.

அவர் என்றால் அவள் புருஷன், தில்லையம்பலம். கோப்பாயில் பிறந்து, இந்த ஆங்கிலேயக் கிராமத்தில் கடை வைத்து, மார்கழியில் மாரடைப்பில் போனவர்.

கடையை வாங்கியபோது ஆற்றோரப் புல்வெளியில் ஒரு பங்கும் கூடவே வந்தது. மனுசனுக்குத் தலைகால் புரியவில்லை. மாடு இல்லை, ஆடு இல்லை, புல்லை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று அவள் கேட்டாள். அவர் காதில் வாங்கினால்தானே.

"காணியெண்டால் காணிதான். இஞ்சேயும் எங்களுக்கு ஒரு துண்டு நிலம் இருக்குது பாரும்."

ஊர்க் கிழவர்கள் மட்டும் சொல்லும் சொற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு வருவார்.

ஹாம். ஆறு வளைந்து அணைத்துக்கொள்ளும் தாழ்ந்த நிலம். எங்கட மாடு மேயுற தரவை மாதிரி என்பார்.

செக். அது கோரை.

கிங்கப். தண்ணீரில் கால் நனைத்து நிற்கும் மஞ்சள் பூ.

டொடர். காற்றே இல்லாதபோதும் நடுங்குகிற புல்.

கடையில் பாண் ரொட்டி எடுத்துக் கொடுக்கும்போதுகூட அவர் வாய் அசைந்துகொண்டிருக்கும். மற்ற ஆட்கள் சாமி பெயர் சொல்லும் வயதில் இவர் புல்லின் பெயர் சொல்கிறார் என்று அவள் சிரித்திருக்கிறாள்.

போன கோடையில் ஒருநாள் அவளை அழைத்துப்போனார். முழங்கால் உயரத்துக்கு டொடர். வெயிலில் அந்தத் துண்டு முழுவதும் மெல்ல மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. நடுவில் போய் நின்றார்.

"இதுதான் எங்கட."

அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் முகத்தில் அவள் கல்யாணத்தன்றும் பார்க்கவில்லை.

அடுத்த வருடம் இது வேறு ஆளுக்குப் போகலாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறந்தாரா, சொல்ல மனம் வரவில்லையா, இனி யாரிடம் கேட்பது.

வெள்ளம் வடிந்த பங்குனியில் அவள் தனியாக வந்தாள். ஈர மண்ணில், அதே இடத்தில், அவருடைய சொந்தக் காணியில் அவரை விட்டுவிட்டுப் போனாள்.

இப்போது அவள் விரல்கள் பைக்குள் களவு செய்தன. டொடர் என்றால் மெல்லிய தண்டு. அதில் மணிமணியாய்த் தொங்குகிற கதிர். அதுவாக இரு. அதுவாகவே இரு.

"தடவக் கூடாது. எடுக்க வேண்டும்," என்றாள் பையைப் பிடித்திருந்த ஹெட்டி. பல வருடங்களாகப் பை அவள் பொறுப்பில்தான்.

எடுத்தாள்.

கிங்கப்.

அடுத்தது ஹார்வுட்டின் கை. மாட்டுப் பண்ணைக்காரர். கடை வாசலில் டிராக்டரை நிறுத்தாதீர்கள் என்று அவள் சொன்ன நாளிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கையை விட்டார், எடுத்தார், திருப்பிக் காட்டினார்.

மணிமணியாய்த் தொங்குகிற கதிர்.

வெட்டுவார். காயவைத்துக் கட்டுவார். கொண்டுபோய் மாட்டுக்குப் போடுவார்.

மாற்றிக்கொள்ள வழக்கமில்லை. வந்த பங்கு வந்ததுதான். கெஞ்சிக் கேட்டாலும் காரணம் சொல்ல வேண்டும். ஊர்ப் புல்லுக்குள் புருஷனைத் தூவிவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

கூட்டம் கலைந்தது. அவள் மட்டும் நின்றாள்.

வெயிலில் கண் கூசியது. ஹாம் முழுவதும் ஒரே பச்சை மயக்கம். எது யார் பங்கு, எங்கே எது முடிகிறது, ஒன்றும் தெரியவில்லை. ஆற்றுக்கு அப்பால் ஹார்வுட்டின் மாடுகள் நின்றன. ஒன்று தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. வாய் மட்டும் நிதானமாக அசைந்துகொண்டிருந்தது.

அவளும் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு விறுவிறுவென்று நடந்து, டிராக்டரில் ஏறப் போனவரை மறித்தாள்.

"மிஸ்டர் ஹார்வுட், இந்தப் புல்லை உங்கள் மாடுகள் எப்போது தின்னும்?"

"குளிர்காலத்தில். டிசம்பரில் புல்லுக்கட்டைப் பிரிப்பேன். ஏன்?"

"அப்போது எனக்குக் கொஞ்சம் பால் வேண்டும்."

அவர் புருவத்தைச் சுருக்கினார். "உங்கள் கடையிலேயே நிறையப் பால் இருக்கிறதே, மிஸஸ் தில்லை."

"இருக்கிறது," என்றாள்.

அதற்கு மேல் ஆங்கிலம் வரவில்லை. அழுகைதான் வந்தது.

ஹார்வுட் அவளைப் பார்த்தார். கையிலிருந்த உருண்டையைப் பார்த்தார். திரும்பி, போன வருடம் தில்லையம்பலத்தின் பங்காக இருந்து, தூரத்தில் நடுங்கிக்கொண்டிருந்த அந்தத் துண்டைப் பார்த்தார். மெல்லத் தொப்பியைக் கழற்றினார்.

"போத்தல் கொண்டு வாருங்கள்," என்றார்.

அவள் தலையாட்டினாள். ஆடி, ஆவணி என்று மார்கழிவரை விரல் மடக்கத் தொடங்கினாள்.