மாப்பிள்ளை வாங்கிய கொக்கி

"மாப்பிள்ளை, இது லாரிக்கு மாட்டுற கொக்கி. என் ட்ரெய்லருக்கு உருண்டை வச்சதுதான் வேணும்."

மனைவியின் அண்ணன் இப்படிச் சொன்னதும் மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். அடுத்த வாரம் வேறு ஊருக்குக் குடி போகிறார்கள். சாமான் ஏற்ற, காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் மச்சானுடைய ட்ரெய்லரை இரவல் கேட்டிருந்தார். அதை மாட்டக் காருக்குக் கொக்கி வாங்குவது மாப்பிள்ளை பொறுப்பு.

மனைவியோ கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். அண்ணனும் தங்கையும் பேசி இரண்டு வருஷமாகிறது. ஏன் சண்டை என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஊர் மாறிவிட்டால் உறவு அதோடு போச்சு.

மறுநாள் மாப்பிள்ளை வண்டியின் பின்னால் உருண்டை வைத்த கொக்கியை மாட்டிக்கொண்டு வந்தார்.

மச்சான் ட்ரெய்லரின் மூக்கை அதன்மேல் இறக்கினார். உட்கார்ந்தது. பூட்டும் விழுந்தது.

"பாத்தீங்களா?" என்றார் மாப்பிள்ளை பெருமையாக.

மச்சான் மூக்கைப் பிடித்து ஒரு தூக்குத் தூக்கினார். பூட்டோடு கழன்று வந்தது.

"உருண்டை சின்னது மாப்பிள்ளை. ஒரு வேகத்தடை ஏறினாப் போதும், நீங்க ஒரு பக்கம் போவீங்க, உங்க பீரோ ஒரு பக்கம் போகும்."

வண்டிக் கண்ணாடி சர்ரென்று இறங்கியது. "அளவு கேட்டு வாங்கணும்னுகூடவா தெரியாது?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்" என்றார் அண்ணன், ட்ரெய்லரைப் பார்த்தபடி.

மூன்றாம் நாள் உருண்டை சரியாக இருந்தது. அதைத் தாங்கும் இரும்புதான் ரொம்ப உயரம். மாட்டியதும் ட்ரெய்லர் மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றது.

தங்கை வண்டியை விட்டே இறங்கிவிட்டாள்.

"பாத்தியாண்ணா? இந்த மனுஷனை வச்சுக்கிட்டு நான் எப்படிக் குடித்தனம் பண்றேன்னு இப்பவாவது புரியுதா?"

"பொண்ணு குடுக்கும்போதே நான் யோசிச்சிருக்கணும்மா."

"இவரைச் சாமான் வாங்க அனுப்பினா வேற எவன் வீட்டுக்கோ வாங்கிட்டு வருவாரு."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "உள்ள வா, காபி குடிக்கலாம்" என்று அண்ணன் தங்கையை அழைத்துப் போனார். மாப்பிள்ளையை யாரும் கண்டுகொள்ளவில்லை. அவர் கொக்கியைக் கழற்றிக்கொண்டு கடைக்குப் போனார்.

கடைக்காரர் அலுத்துக்கொண்டார். "முதல் நாளே சரியானதைத்தானே எடுத்து வச்சேன்? நீங்கதான் சார் பிடிவாதமா வேற வேற வாங்கிட்டுப் போறீங்க. இப்பவாவது இதைக் கொண்டு போங்க."

"அது அப்படியே இருக்கட்டும், நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்" என்றார் மாப்பிள்ளை. "இன்னைக்கு இன்னும் ஒரே ஒரு தப்பான சாமான் குடுங்க. ரெண்டு வருஷமாப் பேசாத அண்ணனும் தங்கச்சியும் இப்பதான் ஒண்ணாச் சேர்ந்து என்னைத் திட்ட ஆரம்பிச்சிருக்காங்க."