பேச்சுவார்த்தை கிடையாது

கிள்ளானில் இருந்த கன்னையாவின் மின்சாதனக் கிடங்கில் ஒன்பது பேர் வேலை செய்தார்கள். அதில் இரண்டு பேருக்குள் எட்டு மாதமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

ஒருத்தி உஷாராணி. ஸ்டோரிலிருந்து சரக்கை எடுத்துக் கொடுப்பவள். மற்றவன் மாரிஸ். அதை லோரியில் ஏற்றிக் கடைகளுக்கு அனுப்புகிறவன்.

சண்டை வந்த விதம் ஆபீஸ் முழுக்கத் தெரியும். ஒரு நாள் காலை உஷாராணியின் அப்பாவுக்கு மூச்சுத் திணறல். 'அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறோம், இன்னைக்கு லீவு' என்று ஆபீஸ் வாட்சாப் குழுவில் எழுதியிருந்தாள். அரைமணி நேரம் கழித்து மாரிஸ் அதே குழுவில் விசாரித்தான்: 'அப்பா போய்ச் சேர்ந்துட்டாரா?'

அப்பா பிழைத்துக்கொண்டார். இவர்களுடைய பேச்சுத்தான் நின்றுபோனது.

அதன்பிறகு எல்லாம் துண்டுச் சீட்டில் நடந்தது. அவள் எழுதி மேசையில் வைப்பாள். அவள் நகர்ந்த பிறகுதான் அவன் எடுப்பான். தப்பித் தவறி நேருக்கு நேர் வந்துவிட்டால், இரண்டு பேரும் போடும் சத்தம் ரோட்டுக்கு எதிர்ப்புறக் கடைவரைக்கும் கேட்கும்.

போன மாதம் பதினைந்து அரிசிக் குக்கர்களைக் காணவில்லை. இந்த மாதம் இருபது ஸ்டாண்டு ஃபேன்கள்.

"நான் சரியாத்தான் எடுத்துக் குடுத்தேன் பாஸ். ஏத்தினவரைக் கேளுங்க" என்றாள் உஷாராணி.

"சீட்டுல இருந்ததைத்தான் ஏத்தினேன் பாஸ். எழுதினவங்களைக் கேளுங்க" என்றான் மாரிஸ்.

திங்கட்கிழமை போலீஸில் புகார் கொடுப்பதென்று கன்னையா முடிவு செய்தார். அவர் மனைவிதான் தடுத்தாள். "போலீஸ் வந்தா ஒன்பது பேரையும்தான் கேப்பாங்க. முதல்ல ஜோசஃபினைக் கூப்பிட்டுப் பேசவைங்க."

ஜோசஃபின் பிரிக்பீல்ட்ஸில் அலுவலகம் வைத்திருந்தாள். வேலை இடங்களில் ஒருவர் சொல்வது இன்னொருவருக்கு வேறு மாதிரிப் புரிவதால் வரும் தகராறுகளைத் தீர்ப்பது அவள் தொழில். வெள்ளிக்கிழமை காலை வந்தாள். இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்தாள். கன்னையா ஓரமாக உட்கார்ந்தார்.

"ஒரே ஒரு ரூல்தான்" என்றாள் ஜோசஃபின். "அவங்க சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லிட்டு, அப்புறம்தான் நீங்க பதில் சொல்லணும்."

உஷாராணி ஆரம்பித்தாள். "இவருக்கு மூளைன்னு ஒண்ணு கிடையாது."

ஜோசஃபின் மாரிஸைப் பார்த்தாள்.

"எனக்கு மூளைன்னு ஒண்ணு கிடையாது" என்றான்.

கன்னையா இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஒரு மணி நேரத்தில் 'போய்ச் சேர்ந்துட்டாரா' வெளியே வந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துட்டாரான்னுதான் கேட்டேன். ஜாம் வேற. அந்தக் கவலையிலதான்" என்றான் மாரிஸ். அதைத் திருப்பிச் சொல்லத் தொடங்கிய உஷாராணி, பாதியில் அழ ஆரம்பித்தாள். மாரிஸ் டிஷ்யூ பெட்டியை அவள் பக்கம் தள்ளினான். எட்டு மாதத்தில் அவன் அவளுக்குக் கொடுத்த முதல் பொருள் அது என்று கன்னையாவுக்குத் தோன்றியது.

அடுத்து ஜோசஃபின் பழைய துண்டுச் சீட்டுகளை மேசையில் பரப்பினாள். ஒன்றில் 'ஜெ. 20 ஃபேன்' என்று இருந்தது.

"இது எந்த ஊர்?"

"ஜெஞ்சாரோம்" என்றாள் உஷாராணி.

"நான் ஜெராம்னு நினைச்சு அங்கே அனுப்பிட்டேன்" என்றான் மாரிஸ், தலையில் கை வைத்தபடி.

"ஜெராம் கடைக்காரர் வந்ததாச் சொல்லவே இல்லையே" என்றார் கன்னையா. "சரக்கு வாங்கினதுக்குக் கையெழுத்து எங்கே?"

"அந்தத் தாள் அவங்ககிட்ட இருக்கும்னு நினைச்சேன் பாஸ்."

"அவர்கிட்ட இருக்கும்னு நான் நினைச்சேன் பாஸ்."

குக்கர் கதையும் அதே கதைதான்.

ஜோசஃபின் பேனாவை மூடினாள். "அங்கிள், கேட்காமலே வந்த சரக்கு. கையெழுத்தும் இல்ல. வந்துச்சுன்னு அந்தக் கடைக்காரர் சொல்வாரா? இங்க யாரும் திருடல. ரெண்டு பேர் பேசிக்கல, அவ்வளவுதான்."

கன்னையா, சின்னப் பிள்ளைகள் மாதிரித் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த இரண்டு பேரையும் பார்த்தார். இவர்களையா திருடர்கள் என்று நினைத்தோம் என்று அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது. புகார் யோசனையை அங்கேயே கைவிட்டார்.

"திங்கட்கிழமையிலேருந்து சீட்டு வேணாம். ரெண்டு பேரும் ஒரே மேசையில உக்காருங்க. ஒவ்வொரு பெட்டியையும் சேர்ந்து நின்னு, சத்தமாப் பேசி ஏத்துங்க. சரியா லா?"

"சரி பாஸ்" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஜோசஃபினுக்குக் கண் கலங்கிவிட்டது. மதியம் கன்னையா எல்லாருக்கும் பிரியாணி வரவழைத்தார்.

சாயங்காலம் செமினியில், வீட்டுக் கதவை மாரிஸால் பாதிதான் திறக்க முடிந்தது. உள்ளே கூரைவரை அடுக்கியிருந்த ஃபேன் பெட்டிகளுக்கு நடுவே உடம்பைக் குறுக்கி நுழைந்து, நாற்காலியில் சாய்ந்தான். மனைவி தேத்தண்ணியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள்.

"இனிமே ரெண்டு பேரும் பேசிக்கணுமாம்" என்றான் அவன்.

"பேசிக்கிட்டா அப்புறம் எப்படிங்க எடுக்கிறது?" என்று கவலையோடு கேட்டாள் உஷாராணி.