சொந்த உபயோகம்

"இந்த நிமிஷம் முதல் நம் கிளை அலுவலகத்தின் வரலாற்றில் ஒரு புதிய சகாப்தம் தொடங்குகிறது. கம்பெனி இன்டர்நெட்டை இனி ஒருவரும் சொந்தக் காரியத்துக்குத் தொடக்கூடாது!"

மேனேஜர் ஜம்புநாதன் செங்கோட்டையில் கொடியேற்றியவர் போல நிமிர்ந்து நின்றார். இடம் என்னவோ ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு மாடியில் இருந்த பம்புசெட் கம்பெனியின் டெல்லிக் கிளை. கம்ப்யூட்டர் திரையில் கோயம்புத்தூரிலிருந்து எம்.டி. பார்த்துக்கொண்டிருந்தார். சகாப்தத்துக்குக் கட்டுப்பட வேண்டிய ஊழியர்கள் இரண்டே பேர். கணக்கு எழுதும் ருக்மிணி, கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் பத்ரி.

"விதியே இப்பத்தான் வருது சார். காலைல நான் பண்ணினது எப்படிக் குத்தமாகும்?" என்றாள் ருக்மிணி.

"என்ன பண்ணினீங்க? எம்.டி. சார் காதுல விழற மாதிரி சொல்லுங்க."

"பொண்ணோட பிளஸ் டூ ரிசல்ட் பார்த்தேன். பாஸ்னு வந்தது. மார்க்கைப் பார்க்கறதுக்குள்ள ஓடி வந்து கம்ப்யூட்டர் ஸ்விட்சை அணைச்சுட்டீங்க."

"கம்பெனி நெட்ல உங்க பொண்ணு ரிசல்ட்! இதுக்குப் பேர் திருட்டும்மா!"

ருக்மிணிக்கு முகம் சிவந்தது.

"ஞாயித்துக்கிழமைகூட லக்ஷ்மிபாய் நகர்லேர்ந்து நடந்து வந்து பில் போட்டுக் குடுத்திருக்கேனே, அது என்ன? என் நேரத்தைக் கம்பெனி திருடினதா? உங்க கேபின்ல தினம் ராசிபலன் வீடியோ அலறறதே, அது யாரோட நெட்?"

"அது நிர்வாகத் திட்டமிடல்!" என்று இரைந்த ஜம்புநாதன், திரையைப் பார்த்ததும் குழைந்தார். "சார், இங்கே கண்டிப்பு இல்லேன்னா ஒண்ணும் நடக்காது. போன மாசம் குரங்கு வந்து கேபிளைக் குதறிட்டுப் போச்சு. ஆபீஸே முடங்கிடுத்து. 'சாயங்காலத்துக்குள்ள நெட் வரலேன்னா உன் வேலை போயிடும்'னு இந்தப் பத்ரியை ஒரே ஒரு அதட்டு அதட்டினேன். அரை மணியில வந்துடுத்து!"

பத்ரி தரையைப் பார்த்தான்.

"நல்லதுங்க ஜம்பு. நீங்களே ஒரு முடிவு பண்ணிருங்க" என்றார் எம்.டி.

அவ்வளவுதான் வேண்டியிருந்தது ஜம்புநாதனுக்கு.

"நாளைலேர்ந்து நீங்க வர வேண்டாம்மா. இப்பவே கிளம்பலாம். உங்க சொந்தச் சாமான் ஒண்ணுகூட இங்கே இருக்கக்கூடாது. தினம் ஜன்னல்ல வெச்சு ஆபீஸ் கரண்ட்டுல சார்ஜ் போடறீங்களே, அந்தப் போன் உள்பட. அதுவும் திருட்டுதான்!"

"பொண்ணை காலேஜ்ல சேர்க்கற நேரம் சார். இப்பப் போய் வேலையை..."

"அச்சா, அதை ரிசல்ட் பார்க்கறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

ருக்மிணி ஒரு கணம் அவரையே பார்த்தாள். குரல் திடீரென்று நிதானமாகிவிட்டது.

"என்னோடது எல்லாத்தையும் எடுத்துண்டு போயிடணுமா சார்?"

"எல்லாத்தையும். ஜல்தி!"

பத்ரி பதறி எழுந்தான். "சார், ஒரு நிமிஷம், நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"நீயும் கூடவே போறியா?"

பத்ரி உட்கார்ந்துவிட்டான்.

டிபன் பாக்ஸ், குடை, நாற்காலியில் போட்டிருந்த சால்வை என்று ஒவ்வொன்றாகப் பையில் போட்டாள் ருக்மிணி. கடைசியாக ஜன்னலுக்குப் போய்ப் போனைச் சார்ஜரிலிருந்து பிடுங்கினாள்.

"பத்ரி, கோவிச்சுக்காதேப்பா. சாரே சொல்லிட்டார்" என்றவள், போனில் எதையோ அணைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

ஜம்புநாதன் வெற்றிப் புன்னகையுடன் திரைப் பக்கம் திரும்பினார். "பார்த்தீங்களா சார், நிர்வாகம்னா..."

எம்.டி. வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்திருந்தார். அவர் மூக்கின் மேல் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"பத்ரி! நெட் எங்கேடா?"

"படி இறங்கிப் போயிண்டிருக்கு சார்."

குரங்கு கடித்த கேபிளை இன்னும் யாரும் வந்து மாற்றவில்லை; அது கடித்த நாள் முதல் அந்த ஆபீஸ் ஓடிக்கொண்டிருந்தது ருக்மிணியின் போன் நெட்டில்.